மூன்று மெழுகும் ஒரு கருநீல விட்ஸும்

என்னுடைய கார் 2008 மொடல் டொயோட்டா விட்ஸ், கருநீலம். வீடு திருகோணமலை டைக் வீதியில், பின்னால் டச் பே கடல். இரவு நிறுத்திவிட்டு விடிய வந்து பொனட்டில் விரலை இழுத்தால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் (வைத்துப் பார்த்திருக்கிறேன்). 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை ஏறியது. அப்போதுதான் இந்தப் பெயின்ட் மேல் எனக்குத் திடீர்ப் பாசம் வந்தது.

முதலில் வாங்கியது பொலிஷ், மெழுகென்று நினைத்து. கடைத் தம்பியும் “ரெண்டும் ஒண்டுதான் அண்ணை” என்றார். ஒன்றே அல்ல. பொலிஷுக்குள் மிக நுண்ணிய தேய்ப்புத் தூள் இருக்கிறது. கீறலைச் சுற்றியுள்ள பெயின்ட்டைத் தேய்த்து மட்டமாக்குவதால்தான் கீறல் கண்ணுக்கு மறைகிறது. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற காப்புப் பூச்சு, அதாவது கிளியர் கோட், பெரும்பாலும் 50 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு) அளவுதான். இது தெரியாமல் மாதம் ஒரு தரம், ஐந்து மாதம் தேய்த்தேன். டிங்கர் வேலை செய்யும் அண்ணை ஒருவர் பார்த்துவிட்டு, “தம்பி, காரைத் துடைக்கிறியோ, சீவுறியோ?” என்று கேட்டார். பொலிஷ் மங்கலையும் கீறலையும் எடுப்பதற்கு. எப்போதாவது ஒருமுறை போதும். பாதுகாப்பு வேண்டுமென்றால் மெழுகுதான்.

சரி, மெழுகு. அடுத்ததாக வாங்கிய ஸ்பிரே மெழுகு பத்து நிமிட வேலை. அடித்துத் துடைத்தவுடன் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, எனக்கும் மனம் குளிர்ந்தது. பத்தாம் நாள் முத்தையும் காணோம், மெழுகையும் காணோம். கல்யாண வீட்டுக்குப் போகிற காலையில் அடிக்க நல்ல சாமான். உப்புக் காற்றுக்கு முன்னால் நிற்காது.

இப்போது நான் விடாமல் வைத்திருப்பது பேணியில் வரும் கார்நௌபா மெழுகு. பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால் ஆவணி வெயிலில் பொனட் கொதித்தாலும் வழியாது. ஸ்பிரேயைப் போல் இரண்டு மடங்கு விலை, ஆனால் ஒரு பேணி எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. கருநீலத்தில் அது தரும் ஆழம் வேறு எதிலும் வரவில்லை. பூசுவதுதான் பாடு. முதல் தடவை ரொட்டிக்கு மாஜரின் பூசுவது போல் அள்ளிப் பூசி, பத்து மணி வெயிலில் காயவிட்டு, பின்னேரம் வரை உரசிக்கொண்டிருந்தேன். கறுப்பு பம்பர் பிளாஸ்டிக்கில் பட்டது வெள்ளையாக உறைந்துபோக, பழைய பல் தூரிகைதான் கைகொடுத்தது. இப்போது கச்சான் காற்று எழும்புவதற்கு முன், விடிய ஆறு மணிக்கே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. ஒரு கதவு முடிந்த பிறகுதான் அடுத்தது. ஆறு கிழமை தாங்குகிறது.

மூன்றாவது சீலன்ட், மெழுகு போலவே பூசும் செயற்கைப் பொலிமர். மினுக்கம் கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும், எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனால் போன மாரி முழுவதும் தாங்கியது. ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரம் இதைப் பூசுகிறேன். ஆசை இருந்தால் மறுநாள் அதன் மேல் கார்நௌபா. மாற்றிச் செய்தால் மெழுகு மேல் சீலன்ட் ஒட்டாது.

எதைப் பூசுவதென்றாலும் முதலில் கழுவிவிட்டு, மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிப் பெயின்ட்டைத் தடவுங்கள். மணல் போல் நெருடினால் களிக்கட்டி (clay bar, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் மெத்தென்ற கட்டி) போட்டு எடுத்த பிறகுதான் மெழுகு. பழைய சாரத் துண்டு வேண்டாம், மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வேண்டாம், பூசிய மெழுகைக் கழற்றிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். கழுவிய கையோடு துடைத்துவிடுகிறேன்.

காக்கை எச்சத்துக்கு மட்டும் இந்த மூன்றும் சரிவரவில்லை. ஒரு பகல் வெயிலில் கிடந்தால் மெழுகைத் தாண்டித் தழும்பு விழுந்துவிடுகிறது. கண்டவுடன் ஈரத் துணியால் ஊறவைத்து எடுப்பதுதான் வழி. வேம்பின் கீழே நிறுத்துவதையும் விட்டுவிட்டேன். இப்போது அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் வான் நிற்கிறது, நல்ல காலம் அது வெள்ளை.