மதுரை ஞாயிறு சந்தை: ஸ்பானர் வாங்கலாம், ஹெல்மெட் வாங்க வேண்டாம்

சிம்மக்கல்லை அடுத்த திலகர் திடல் பகுதியின் ஞாயிறு சந்தை, கைக்கருவி வாங்குவோருக்கு மதுரையில் கிடைக்கும் நல்ல இடங்களுள் ஒன்று. அரம், இடுக்கி, ரம்பம், பேரிங், பெஞ்ச் வைஸ் என்று தார்ப்பாயில் குவிந்து கிடக்கும் இரும்புச் சாமான்களுக்குள், புதிய கடைகளில் அலைந்தாலும் அகப்படாத அளவு ஸ்பானர்கூடச் சில நேரம் கைக்கு வந்துவிடும். வாய் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு நட்டைச் செருகித் திருகிப் பார்த்து வாங்கினால், அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். நான் டிரில் மெஷின் வாங்கியபோது, கடைக்காரர் மின் இணைப்புக் கொடுத்து ஓட்டிக் காட்டி, கார்பன் பிரஷ்ஷையும் கழற்றிக் காட்டிவிட்டு, "இப்பவே நல்லா பாத்துக்கங்கண்ணே, வீட்டுக்குப் போயிட்டுத் திரும்ப வரக்கூடாது" என்றார். பழைய பொருள் வியாபாரத்தில் இதைவிட நேர்மையான உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஓட்டியோ திருகியோ சோதிக்க முடியாத பொருள்களும் இத்தகைய சந்தைகளில் விற்பனைக்கு வருகின்றன. பழைய ஹெல்மெட் அவற்றுள் முதன்மையானது. ஒருமுறை அடிபட்டு உள்ளேயுள்ள தெர்மோகோல் அமுங்கிய பின், மேல் ஓட்டுக்குப் பளபளப்பு ஏற்றிவிட்டால் குறை வெளியே தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் 1 முதல் குற்றம் என்றாலும், முத்திரையுள்ள பழைய ஹெல்மெட்டும் தலையைக் காக்கும் என்று சொல்வதற்கில்லை. கேஸ் ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வுக்கும் இதே கதிதான்.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பெரும்பாலும் இடத்தையும் நேரத்தையும் சான்றிதழையும் பற்றியே பேசுகிறது. அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உரியவை. இத்தகைய பொருள்களை நிறுத்த, என்னென்ன விற்கக்கூடாது என்று ஒரு சிறு பட்டியல் வேண்டும்; அதை அவர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வதே முறை. ஏனெனில் எந்தச் சாமான் எங்கிருந்து வருகிறது என்பது அதிகாரிகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "பழைய மின்சாதனம் எதுவும் கூடாது" என்று மொத்தமாகத் தடை போட்டால் என் டிரில் கடைக்காரரும் சேர்ந்து போய்விடுவார். அப்படியொரு விதி எனக்கு வேண்டாம். ஹெல்மெட், கேஸ் ரெகுலேட்டர், காலாவதியான மருந்து, பில் இல்லாத செல்போன் ஆகிய நான்கை நிறுத்தினாலே போதும்.

அதுவரை, செல்போன் வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் அடையாள எண்) அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும். எண்ணைக் காட்ட மறுக்கும் கடையில் பேரம் பேசவே வேண்டாம்.