மின்சைக்கிள் சோதனைப் பெட்டி: மோட்டாருக்குச் சரி, பினாங்கு மழைக்கு?

உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள், மூன்று முதலைக் கிளிப்புகள், ஹால் சென்சாருக்கு (மோட்டார் சுழலும் நிலையைக் காந்தத்தை வைத்து உணர்வது) ஒரு பிளக், திராட்டலுக்கு (வேகம் கூட்டத் திருகும் கைப்பிடி) ஒரு பிளக், உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஷொப்பியிலும் லாசாடாவிலும் 'இ-பைக் டெஸ்டர்' என்று தேடினால் வெவ்வேறு பெயர்களில் வந்து நிற்பவை ஏறத்தாழ எல்லாம் இதே பெட்டிதான். விலை பெரும்பாலும் ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்). மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர், திராட்டல் மூன்றையும் ஒரே பெட்டி பார்த்துவிடும் என்கிறது விளம்பரம். மோட்டாரைப் பொறுத்தவரை கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. ஒயரிங் பக்கம் வந்தால் அதற்குக் கண் தெரியாது. கடல்காற்றும் திடீர் மழையும் ஒன்றாகக் கிடைக்கும் ஊரில் முதலில் கெடுவது பிளக்கும் ஒயரும்தான். அதனால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.

முதலில் பலம். ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கேபிளில் தடித்த மூன்று ஒயர்கள், வழக்கமாக மஞ்சள், பச்சை, நீலம், காயிலுக்கு (உள்ளேயுள்ள கம்பிச் சுருளுக்கு) மின்சாரம் கொண்டுபோகும் ஃபேஸ் ஒயர்கள். மெல்லிய ஐந்தும் ஹால் சென்சாருக்கு: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மற்ற மூன்றும் சிக்னல். ஆறாவதாக ஒரு வெள்ளை இருந்தால் அது வேகத்தையோ வெப்பத்தையோ அளப்பது. இந்தச் சோதனையில் அதற்கு வேலையில்லை. ஹால் சென்சார் தானாக வோல்ட் எதுவும் அனுப்பாது. காந்தத்தின் முனை மாறும்போது சிக்னல் ஒயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும், அல்லது விட்டுவிடும். அதை மறுபடி 5 வோல்ட்டுக்குத் தூக்கிவிடுவது கண்ட்ரோலருக்குள் இருக்கும் ரெசிஸ்டர். ஆகவே மோட்டாரைத் தனியாகப் பிரித்து, 5 வோல்ட் மட்டும் கொடுத்து, சிக்னலில் மல்டிமீட்டரை வைத்தால் எண் அர்த்தமில்லாமல் அலையும். நல்ல சென்சாரைச் செத்துவிட்டது என்று முடிவு கட்டி மோட்டாரைத் திறப்பது இப்படித்தான். பெட்டி அந்தத் தூக்கிவிடும் வேலையைத் தானே செய்துகொள்கிறது. இதை வாங்குவதற்கு உள்ள முதல் காரணம் இதுவே.

சோதிக்கும் முன் சைக்கிள் பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவிலுள்ள பிளக்குகளையும் முழுவதும் பிரித்துவிடுங்கள். ஹால் பிளக்கைப் பெட்டியில் செருகிச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் மூன்று விளக்குகளும் மாறி மாறி எரிந்து அணைய வேண்டும். ஒன்று மட்டும் எரிந்தே இருந்தால், அல்லது எரியவே இல்லையென்றால், அந்த சென்சாரோ அதன் ஒயரோ போயிருக்கிறது. மூன்றுமே அசையவில்லை என்றால் மூன்று சென்சாரும் ஒரே நாளில் செத்திருக்காது; பொதுவான சிவப்பு அல்லது கறுப்பு ஒயர் எங்கோ அறுந்திருக்கும். இன்றைய ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 120 டிகிரி அமைப்பு, அதாவது மூன்று சென்சாரின் சிக்னலும் 120 டிகிரி இடைவெளியில் மாறும். அதில் மூன்று விளக்கும் ஒருசேர எரிவதும் ஒருசேர அணைவதும் நடக்கக் கூடாது.

கியர் வைத்த ஹப் மோட்டார் என்றால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளேயுள்ள கிளட்ச் விட்டுக்கொடுத்துவிடும், மோட்டார் அசையாது, விளக்கும் அசையாது. பெட்டியோடு வரும் துண்டுச் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'மோட்டார் அவுட்' என்று கடையில் தீர்ப்பு வாங்கிவரும் சில மோட்டார்களுக்கு இதைத் தவிர வேறு நோய் இருப்பதில்லை. கியர் இருப்பதால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் விளக்குகள் பல தடவை மாறிவிடும், அவசரப்படாமல் சுற்றுங்கள்.

ஃபேஸ் சோதனைக்கு மூன்று கிளிப்புகளை மூன்று தடித்த ஒயர்களில் மாட்டிச் சக்கரத்தைச் சற்று வேகமாகச் சுற்றினால், மோட்டாரே டைனமோவாகி மூன்று விளக்கையும் ஒரே அளவில் மினுக்கும். வேலை செய்கிறது. ஆனால் இதற்குப் பெட்டியே தேவையில்லை. ஃபேஸ் ஒயர்களில் இரண்டிரண்டாகத் தொட்டு வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மூன்று ஜோடியிலும் கைக்கு ஒரே மாதிரி இழுவை தெரிந்தால் காயில் நலம். எதையும் தொடாத நிலையிலேயே சக்கரம் கடகடவென்று தடுத்தால் ஷார்ட் மோட்டார் பக்கம். கண்ட்ரோலரில் மாட்டியிருக்கும்போது தடுத்து, ஒயரைப் பிரித்ததும் லேசாகிவிட்டால் ஷார்ட் கண்ட்ரோலரில்.

கண்ட்ரோலருக்கு இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரின் டயோட் நிலைதான் தெளிவு. பேட்டரியைக் கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை வடித்துவிடுங்கள். சிவப்பு முனை ஃபேஸ் ஒயரில், கறுப்பு முனை கண்ட்ரோலரின் பாசிட்டிவில்: 0.4 முதல் 0.6 வோல்ட் வரை வர வேண்டும். அடுத்து சிவப்பு முனை நெகட்டிவில், கறுப்பு முனை ஃபேஸில்: அதே கணக்கு. மூன்று ஃபேஸிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எதிலாவது பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்த ஃபேஸின் மாஸ்ஃபெட் (கண்ட்ரோலருக்குள் இருக்கும் மின்னணு சுவிட்ச்) எரிந்துவிட்டது. உடனே புதுக் கண்ட்ரோலரை மாட்டிவிடாதீர்கள். அச்சு நட்டு தளர்ந்து, அச்சு தன்னிடத்தில் சுழன்று, கேபிளை முறுக்கி ஃபேஸ் ஒயர்களை ஒன்றோடொன்று தொட வைத்திருந்தால் புதியதும் முதல் திராட்டலிலேயே போகும். அச்சு ஓரத்தில் கேபிளின் தோல் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, ஃபேஸ், ஹால் இரண்டையும் பெட்டியில் சோதித்து, அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் போட்ட பிறகுதான் கண்ட்ரோலர்.

திராட்டல் சோதனை போகிற போக்கில் பார்க்கலாம். திருகத் திருக விளக்கு படிப்படியாகப் பிரகாசமானால் நல்லது. ஆனால் விளக்கு எண் சொல்லாது. விட்ட நிலையில் சுமார் 0.8 வோல்ட், முழுதும் திருகினால் 3.6 அல்லது சற்று மேலே. தொடக்கத்திலேயே ஒரு வோல்ட்டைத் தாண்டி நின்றால் பல கண்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக மோட்டாரை ஓடவிடாது. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும், பிரேக் கைப்பிடியின் கட்-ஆஃப் சுவிட்சுக்குப் பெட்டியில் இடமே இல்லை. அதன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓட்டிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

இனி பெட்டி தோற்கும் இடம். கேடி (KT) என்ற பிராண்ட் கண்ட்ரோலர் வைத்த சைக்கிளில் திரை 03 காட்டினால் ஹால் கோளாறு என்று பொருள். பெட்டியில் போட்டால் ஹால் மூன்றும் அழகாக மின்னுகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஹால், திராட்டல், பெடல் சென்சார் எல்லாமே கண்ட்ரோலரின் ஒரே 5 வோல்ட்டைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. தண்ணீர் புகுந்த திராட்டல் பிளக் அந்த 5 வோல்ட்டைக் கீழே இழுத்தால் பழி ஹால் மீது விழும். எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, சைக்கிளை ஆன் செய்து, ஹால் பிளக்கின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 4.3 முதல் 5 வோல்ட் வரை இல்லையென்றால் திராட்டல், பெடல் சென்சார் என ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது வோல்ட் மேலே ஏறுகிறதோ, அதுதான் கள்ளன்.

அடுத்தது சூடு. பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டி, பத்து ஃபிரிங்கி என்ற ஊருக்குப் போகும் ஏற்றத்தில் விக்கி விக்கி ஓடும் சைக்கிள், சமதரையில் ஒழுங்காக ஓடும். ஒரு பிளக்கின் உள்ளே 0.1 ஓம் தடை இருந்தால் போதும்: 15 ஆம்பியர் போகையில் 1.5 வோல்ட் காணாமல் போகும், 22 வாட் சூடு அந்தச் சின்ன பிளக்கிலேயே இறங்கும். பெட்டி அனுப்புவதோ துளி மின்சாரம். அதற்கு அந்தப் பிளக் குறையில்லாத பிளக். பழுப்பேறிய பிளாஸ்டிக், பச்சை பூத்த பின், இளகிய புல்லட் முனை ஆகியவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பேட்டரி எக்ஸ்டி60 பிளக்கில் சந்தேகம் என்றால், இணைப்பின் இரு பக்கத்திலும் முனையை வைத்து, சுமையோடு ஓடும்போது அளந்து பாருங்கள். அரை வோல்ட் விழுந்தால் பிளக்கை மாற்றுங்கள்.

மழையில் நனைந்த சைக்கிளைக் காயவைத்துவிட்டுச் சோதிப்பது, காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரிடம் போவது போல. ஈரமாக இருக்கும்போதே மோட்டார் பிளக்கைப் பிரித்து, ஃபேஸ் ஒயருக்கும் அச்சுக்கும் நடுவே ஓம் அளவிடுங்கள். மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. கிலோஓமில் எண் வந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. கேபிள் அச்சுக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தொழிற்சாலையில் இதை மறந்து கட்டிய சைக்கிள்கள் நிறைய. பிளக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, காயவிட்டு, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

கிளிப்பு மாட்டுவதிலும் ஒரு தொல்லை. புதிய சைக்கிள்களில் ஃபேஸும் ஹாலும் ஒரே ஒன்பது-பின் வட்ட பிளக்கில் வருகின்றன. பெட்டியின் கிளிப்பு அதற்குள் நுழையாது. அதே வகை நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி, நடுவில் வெட்டி, மோட்டார் பக்கம் பொருந்தும் பாதியைச் சோதனை ஒயராக வைத்துக்கொள்ளலாம். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு பின்னையும் மீட்டரின் பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரை உள்ளேயே வைத்திருக்கும் பாஃபாங், ஷிமானோ, போஷ் நடுமோட்டார்களுக்கு (பெடல் அச்சில் இருப்பவை) இந்தப் பெட்டி எதற்கும் உதவாது. பாஃபாங்கில் 30 என்று வந்தால் திரைக்கும் கண்ட்ரோலருக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது, 21 என்றால் வேக சென்சார். இரண்டுமே ஒயரையும் காந்தத்தையும் பார்க்க வேண்டிய வேலை.

சென்சார் போய்விட்டது என்று உறுதியானால் எஸ்எஸ்41எஃப் வகையில் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மோட்டாரை இரண்டு தடவை திறப்பதற்கு அது மலிவு. கடையில் ஏ3144 எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது காந்தத்தின் ஒரு முனைக்கு மட்டும் பதில் சொல்வது, இந்த மோட்டாருக்கு ஒத்துவராது.

வாங்குகிற வரிசை: மல்டிமீட்டர் முதலில், பெட்டி பிறகு. லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் மீட்டர் எடுப்பதென்றால் டயோட் நிலையும் பீப்பும் வேலை செய்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பெட்டியின் 9 வோல்ட் பேட்டரி இளைத்துப்போனால் நல்ல ஹாலும் செத்ததாகத் தெரியும். 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றித் தனியே வையுங்கள், இந்த ஈரக்காற்றில் பேட்டரி கசிந்து முதலில் தின்பது அதன் முனைக் கம்பிகளைத்தான்.