எஸ்எஃப் 400 தராசு: கிளிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு உதவுமா?

சமையலறைக்கென்று விற்கிற வெள்ளை நிற எஸ்எஃப் 400 எலக்ட்ரானிக் தராசு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. 10 கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். பல கம்பெனிகள் தங்கள் பெயரை ஒட்டி விற்பது இதே தராசைத்தான். புதிதாகக் கிளிக்குஞ்சு வாங்கியவர்கள் கூண்டுக்கு அடுத்தபடியாக இதை வாங்க வேண்டும். வைட்டமின் சொட்டும் விளையாட்டுச் சாமானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிளி தன் நோயை மறைத்துக்கொள்ளும். இறகை உப்பிக்கொண்டு, பகலிலேயே கண் சொருகி, கூண்டின் அடித்தட்டில் வந்து உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். எடை பெரும்பாலும் அதற்குப் பல நாள் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். இறகு மூடியிருப்பதால் நம் கண்ணுக்குப் பிடிபடாது. 90 கிராம் காக்கட்டீல் கிளி சில நாளில் 9 கிராம் இழந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பார்வைக்கோ நேற்றைய குஞ்சாகவே இருக்கும்.

புதிதாக வந்த குஞ்சு மெலிவதற்கு அடிக்கடி காணும் காரணம் வெறும் பட்டினி. ‘தானாகவே சாப்பிடும்’ என்று சொல்லிக் கொடுத்த குஞ்சு, தினையைக் கொத்தி உடைத்து விளையாடும், விழுங்காது. கிண்ணத்தில் உமி கிடப்பதைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். தராசு இரண்டே நாளில் உண்மையைச் சொல்லிவிடும். கைத்தீனியை, அதாவது நாம் கையால் ஊட்டும் கூழை, மறக்கும் வாரங்களில் உச்ச எடையிலிருந்து பத்து சதவீதம் வரை குறைவது இயல்புதான். ஆனால் அது மெல்லக் குறைந்து ஓரிடத்தில் நிற்க வேண்டும், குஞ்சும் துறுதுறுவென்று இருக்க வேண்டும்.

நிறுக்கும் நேரம் காலையில், இரவு தேங்கிய பெரிய எச்சத்தைப் போட்ட பிறகு, தீனிக்கு முன்பு. தராசின் தட்டு வழுவழுப்பானது. குஞ்சு கால் வழுக்கிப் படபடக்கும், எண் நிலைக்காது. ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் துண்டை மடித்துப் போட்டு, அதைத் தட்டில் வைத்து டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிய பிறகு குஞ்சை உள்ளே விடுங்கள். மூன்று தடவை நிறுத்து, திரும்பத் திரும்ப வரும் எண்ணைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

குறைகளும் உண்டு. மின்விசிறிக் காற்றுக்கே ஓரிரு கிராம் ஆடும். செட்டிநாட்டு வீடுகளில், முற்றத்துக் காற்று வரும் வளவிலோ (முற்றத்தைச் சூழ்ந்த பகுதி) பட்டாலையிலோ (மேடைக்கூடம்) வைத்து நிறுக்க வேண்டாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் கையால் செய்தது, சில இடங்களில் மட்டம் சற்றுப் பிசகும். அடுப்பு மேடைக் கருங்கல்தான் இதற்குச் சரி, அடுப்பு எரியாத நேரமாகப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தால் எண் அலையும். யூனிட் பொத்தானில் கை பட்டால் அவுன்சுக்கு மாறி, எடை திடீரென்று சரிந்ததுபோல் பயமுறுத்தும். சந்தேகம் வந்தால் பதின்மூன்று பத்து ரூபாய் நாணயங்களை வையுங்கள். ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம், ஆகவே 100 அல்லது 101 காட்ட வேண்டும். பட்ஜிஸ் என்கிற சின்னக் கிளி வளர்ப்பவர்களுக்கு இந்தத் தராசு போதாது. 30 கிராம் பறவைக்கு ஒரு கிராம் என்பதே மூன்று சதவீதம். அவர்கள் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குவது நல்லது.

எடையை எச்சத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எச்சத்தில் மூன்று பகுதி: பச்சையோ பழுப்போ ஆன மலம், சுண்ணாம்பு போன்ற வெள்ளை, தெளிந்த நீர். கொய்யாவோ வெள்ளரியோ தின்றபின் நீர் மட்டும் கூடினால் கவலை இல்லை. அந்த வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி எடையும் இறங்கினால் கல்லீரல் பாதிப்பு, அல்லது கிளிக்காய்ச்சல் என்கிற சிட்டகோசிஸ் இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தைக் கூட்டிப் பெருக்காமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துடையுங்கள். வீட்டில் வேறு பறவை இருந்தால் புதியதை முப்பது நாளாவது தனி அறையில் வைக்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்குத் தராசை எடுக்கவே நேரமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, குளிர்ந்த காலையிலும் வாய் திறந்து மூச்சு வாங்குவது, வாந்தி தெறித்துத் தலை இறகு ஒட்டிக் கிடப்பது, இவற்றைப் பார்த்தால் உடனே கிளம்புங்கள். சித்திரை வெயிலில் சிறகைத் தளர்த்தி வாய் பிளப்பது வேறு, நிழலும் தண்ணீரும் கிடைத்தால் அடங்கிவிடும். ஆச்சி வரமிளகாய் வறுக்கிற புகையும் சாம்பிராணிப் புகையும் குஞ்சின் நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்து கருகும் நான்-ஸ்டிக் சட்டியின் ஆவி உயிரையே எடுத்துவிடும். கூண்டு அடுப்படியை விட்டு, வீட்டின் முகப்புப் பக்கமே இருக்கட்டும்.

கைத்தீனி கொடுப்பவர்களுக்கு இந்தத் தராசின் பயன் இன்னும் அதிகம். ஒரு வேளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 கிராம் குஞ்சுக்கு 8 மில்லி கூழ். சூடு 39 முதல் 41 டிகிரி. ஆறினால் தீனிப்பை (கழுத்தடியில் தீனி தங்கும் பை) இறங்காமல் புளித்துப்போகும், 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். காலையில் தீனிப்பை காலியாகாமல் கல்லுப்போல இருந்தால் அடுத்த வேளையை ஊட்டாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த எடைத்தாளையும், எச்சம் விழுந்த காகிதத்தையும் எடுத்துப்போங்கள். மருந்தளவு எடைக்கணக்கில்தான் போடப்படுகிறது. ஆடுமாடே அதிகம் பார்க்கும் நம் பக்கத்து மருத்துவருக்கு ‘நேற்று 88, இன்று 84’ என்ற வரி பெரிய உதவி. பறவை பார்ப்பவர் கிடைக்காவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியை விசாரிக்கலாம். போகும் வழியில் துணி போர்த்திய பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி கதகதப்பு இருக்கட்டும். மனிதருக்கான சொட்டு மருந்து எதையும் ஊற்றாதீர்கள்.

இவ்வளவும் காக்கட்டீல், சன் கன்யூர் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு. நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கன்யூருக்கு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும், வாங்கும்போதே அந்தக் காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.