21 வருடமாக ஈ.பி.எப்: என் அனுபவம்

2004 இல் ஹட்டனில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அப்போது ஈ.பி.எப் (இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியம்) என்றால் சம்பளத்தில் வெட்டுகிற காசு என்று மட்டும்தான் தெரியும். என் பங்கு 8 சதவீதம். முதலாளி அதற்கு மேல் 12 சதவீதம் போட வேண்டும் என்பதை இரண்டாம் வருடம்தான் புரிந்துகொண்டேன். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் மாதம் 8,000 ரூபாய் என் பெயரில் சேர்கிறது. ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) 3 சதவீதம் இதில் சேராது, அதை முழுக்க முதலாளிதான் நம் பெயரில் கட்டுகிறார்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது அம்மாவால்தான். அவர் கொழுந்து பறித்த தோட்டத்தில் பெயர்ப் பதிவு ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. பெண்களுக்கு 50 வயதில் காசை எடுக்கலாம். ஆனால் அந்த ஓரெழுத்துப் பிழையைத் திருத்த தோட்ட ஒபீஸுக்கும் தொழில் திணைக்களத்துக்கும் ஒன்றரை வருடம் அலைந்தோம். மழையில் பஸ் ஏறி, ஒரு கடிதத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து. உழைத்த காசுக்காக அம்மா கெஞ்சி நின்றதை என்னால் மறக்க முடியாது. அந்த வாரமே என் பி அட்டையை (ஈ.பி.எப் அங்கத்தவர் அட்டை) எடுத்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். நீங்களும் இன்றைக்கே பாருங்கள்.

ஈ.பி.எப் தரும் வருமானத்தைப் பற்றிச் சொல்வதென்றால், வட்டி மீது வட்டி ஏறுவது முதல் பத்து வருடம் கண்ணுக்கே தெரியாது. 9 சதவீதம் கிடைத்தால் காசு இரட்டிப்பாக எட்டு வருடம் ஆகும். அதனால்தான் இடையில் கை வைக்கக்கூடாது என்கிறேன். வீட்டுக்கும் சிகிச்சைக்கும் 30 சதவீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. 2016 இல் நானும் கூரை போட எடுத்தேன். வீடு ஒழுகாமல் இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வருடங்கள் போயின.

2022 தான் பெரிய அடி. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது, டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. அந்த வருடத்துக்கு நிதியம் தந்த வட்டி 9 சதவீதம். கணக்கில் தொகை கூடியது, ஆனால் அதற்கு வாங்கக்கூடிய அரிசி குறைந்தது. 2023 க்கு 13 சதவீதம் தந்தார்கள், அப்படியும் போன மதிப்பு திரும்பவில்லை. முதுமைக்கான சேமிப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது என் தவறு.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தேன்? கையிலிருந்த சேமிப்பைத் திறைசேரி உண்டியலில், அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனில், போட்டேன். 2022 கடைசியில் 91 நாள் உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. அந்த வட்டி நிலைக்காது என்று தெரிந்ததால், முதிர்ந்த காசில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்டுக்கு (பலரின் காசைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியம்) மாற்றினேன். ஈ.பி.எப்பைத் தொடவே இல்லை. சீட்டு இன்னும் கட்டுகிறேன், ஆனால் அது பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குத்தான். அதை முதுமைக்கான சேமிப்பாக நான் எண்ணுவதில்லை.

இன்னொன்று. மாதாந்த ஈ.பி.எப் பணத்தை முதலாளி அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் மூன்று வருடம் வேலை செய்தும் ஒரு சதமும் கட்டப்படவில்லை. சம்பளச் சீட்டோடு தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யச் சொல்லி நானே கூடப் போனேன். பயந்துதான் வந்தான், வேலை போய்விடும் என்று. போன மாதம் அவனுக்கு அட்டை வந்தது. பெயரை எழுத்தெழுத்தாக அவனோடு உட்கார்ந்து சரிபார்த்தேன்.