சிகரெட்டா, அடுப்பா, பிறவியா? நுரையீரல் அடைப்பு நோயில் யார் பக்கம் குற்றம் அதிகம்

மூச்சு வாங்குகிறது என்று போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "புகை பிடிப்பீங்களா?" இல்லை என்று சொல்லிவிட்டால் பல நேரம் விசாரணை அத்தோடு முடிந்துவிடும். ஆஸ்துமா என்றோ வயசாயிடுச்சு என்றோ எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆனால் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர். அப்படியானால் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

நோயைக் கண்டுபிடிப்பது ஸ்பைரோமெட்ரி கருவி. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வரும் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். அடைப்பு இருக்கிறது என்பதை மட்டும்தான் கருவி சொல்லும், அதை உண்டாக்கியது எது என்று அதற்குத் தெரியாது. அதனால் சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக நாம்தான் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சிகரெட்டின் மீதான வழக்குதான் எல்லாவற்றிலும் வலுவானது. லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடம். முப்பது வயதுக்குப் பிறகு எல்லோருக்குமே நுரையீரல் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். புகைப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்தச் சரிவு செங்குத்தாகிறது. பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைப்பவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு இதற்கு எண்ணே கொடுத்தது. 11 ஆண்டு முடிவில், விடாமல் புகைத்த ஆண்கள் முதல் நொடியில் ஊதும் காற்றில் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் இழந்தார்கள், விட்டவர்கள் சுமார் 30. விட்டால் சரிவு சாதாரண வேகத்துக்கு வந்துவிடுகிறது. போனது மட்டும் திரும்புவதில்லை.

இந்த வழக்கு இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிகரெட்டை எண்ணலாம். நாளுக்கு 20 வீதம் ஓராண்டு புகைத்தால் ஒரு 'பாக்கெட்-ஆண்டு'. அடுப்புப் புகையை எப்படி எண்ணுவது? விறகு ஈரமா, ஜன்னல் திறந்திருந்ததா, குழந்தை மடியில் இருந்ததா, எத்தனை மணி நேரம்? யாரும் கணக்கு வைத்திருப்பதில்லை. அளக்க முடியாத குற்றவாளி தப்பிப்பது எளிது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்த நோயால் 2021-ல் சுமார் 35 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். பணக்கார நாடுகளில் நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேல் புகையிலையே காரணம். வருமானம் குறைந்த நாடுகளில் அந்தப் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். மிச்ச இடத்தில் பெரும்பங்கு விறகு, வறட்டி, கரி எரியும் வீட்டுக்குள் நிற்கும் புகைக்கு என்கிறார்கள்.

நோயின் முகமும் கொஞ்சம் வேறு. சிகரெட்காரரின் நுரையீரலில் மேல் பகுதியில் நுண்ணறைச் சுவர்கள் கரைந்து எம்ஃபிசீமா அதிகம் தெரியும். விறகுப் புகையில் வாழ்ந்தவர்களுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்குவதும் இருமலும் சளியும் முன்னுக்கு நிற்கும், சுவர் கரைவது குறைவு. சரிவும் பெரும்பாலும் மெதுவானது. நோயாளிகளில் பெண்கள் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. சீனாவின் ஷுவான்வேய் பகுதியில் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய வீடுகளில் நோய் குறைந்ததாக 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. தெற்குச் சீனக் கிராமங்களில் சாண எரிவாயுவும் காற்றோட்டமும் தந்து ஒன்பது ஆண்டு பார்த்ததிலும் சரிவு மட்டுப்பட்டது. மறுபக்கம், பல நாடுகளில் ஒரே முறையில் ஸ்பைரோமெட்ரி செய்த போல்டு ஆய்வில், திட எரிபொருள் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களுக்கு அடைப்பு அதிகம் என்று காட்ட முடியவில்லை. அடுப்பு நிரபராதி என்று நான் இதிலிருந்து முடிவு செய்யமாட்டேன். "பயன்படுத்தினீர்களா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு வாழ்நாள் புகையை அளக்கும் சக்தி இல்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் சிகரெட்டுக்கு எதிரான சாட்சியும் அடுப்புக்கு எதிரான சாட்சியும் ஒரே தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலையிடத் தூசியைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். நிலக்கரி, சிலிக்கா, பஞ்சு, தானியத் தூள், வெல்டிங் புகை. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2019 மதிப்பீட்டில் மொத்த நோயில் 14 சதவீதம் வேலையால் வந்தது. புகைக்காதவர்களை மட்டும் எடுத்தால் அது 31 சதவீதம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு வரும் மூச்சுக்குழாய் அழற்சியையும் எம்ஃபிசீமாவையும் தொழில் நோயாகப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டதே 1993-ல்தான். அதுவரை அவர் புகைப்பவர் என்ற ஒரே பதில் போதுமானதாக இருந்தது.

மரபணு விஷயம் அளவில் சிறியது, அறிவில் பெரியது. 1963-ல் ஸ்வீடனில் லாரெல்லும் எரிக்சனும், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் ரத்தத்தில் குறைவானவர்களுக்கு இளம் வயதிலேயே எம்ஃபிசீமா வருவதைக் கவனித்தார்கள். நோயாளிகளில் இவர்கள் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர்தான். கல்லீரல் தயாரிக்கும் இந்தப் புரதம், வெள்ளணுக்கள் விடும் எலாஸ்டேஸ் என்ற நொதி நுரையீரலையே தின்றுவிடாமல் காக்கிறது. இது இல்லாதவர்களுக்குச் சேதம் கீழ்ப்பகுதியில் கூடுதல், சிகரெட்டுக்கு நேர் எதிர். வேடிக்கை என்னவென்றால், சிகரெட் புகை இதே புரதத்தை ஆக்சிஜனேற்றிச் செயலிழக்க வைக்கிறது. பிறவிக் குறை உள்ளவர் புகைக்கவும் செய்தால் நோய் பல ஆண்டுகள் முந்திக்கொள்ளும். எதிரெதிரே நிறுத்திய இருவரும் கூட்டாளிகளாகிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், நாம் மிகக் குறைவாக எடை போடும் காரணம் குழந்தைப் பருவம். இதுவரை பார்த்தவை எல்லாம் குடத்தில் விழும் ஓட்டை. குடம் முதலிலேயே முழுதாக நிரம்பாமல் போனால்? குறைப்பிரசவம், தாய் கர்ப்பத்தில் புகைத்தது, சிறு வயதில் திரும்பத் திரும்ப வந்த நிமோனியா, கடுமையான ஆஸ்துமா என்று ஏதோ ஒன்றால் இருபத்தைந்து வயதில் எட்ட வேண்டிய நுரையீரல் திறனின் உச்சத்தைச் சிலர் எட்டுவதே இல்லை. 2015-ல் லாங்கேயும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேகமாகச் சரிந்தவர்களே இல்லை. குறைவாகத் தொடங்கி எல்லோரையும் போல மெல்லச் சரிந்து எல்லையைத் தொட்டவர்கள். நாற்பது வயதுக்குள்ளேயே திறன், எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, மற்றவர்களில் 7 சதவீதம் பேருக்கு. சிகரெட்டை விடுங்கள் என்று இவர்களிடம் சொல்லலாம். விட ஒன்றுமில்லாதவரிடம் என்ன சொல்வது?

காசநோய் குணமான பிறகும் அதன் தழும்பு அடைப்பை விட்டுச்செல்லும். நகரக் காற்று மாசு நோயைக் கிளறிவிடுவதில் சந்தேகமில்லை, ஆனால் தனியாளாக உண்டாக்கும் திறனில் மேலே சொன்னவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

கோல்ட் என்ற சர்வதேச வழிகாட்டிக் குழு 2023-ல் நோயைக் காரணம் பார்த்தே பிரித்துப் பெயரிட்டது: மரபணு, நுரையீரல் வளர்ச்சிக் குறை, புகையிலை, வீட்டுப் புகையும் மாசும், தொற்று, ஆஸ்துமா. "புகை பிடிப்பீங்களா?" என்பதற்கு இல்லை என்று பதில் வந்தால் அடுத்துக் கேட்க இன்னும் ஐந்து கேள்விகள் மருத்துவர் கையில் இருக்கின்றன. ஆறிலும் அடங்காதவர்களுக்காகக் காரணம் தெரியாதது என்று ஏழாவதாக ஒரு பெட்டியையும் அவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள்.