‘ஆமை தெரியாவிட்டால் பணம் வாபஸ்’: ஜாக்கிந்தோஸ் தீவில் நாங்கள் ஏமாந்த கதை

கோடை விடுமுறைக்கு ஜாக்கிந்தோஸ் தீவுக்குப் போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், லகனாஸ் கடைத்தெருவில் ஆமை டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எழுபது யூரோ போனதைக்கூட விட்டுவிடலாம். எந்த ஆமையைப் பார்க்க அவ்வளவு தூரம் போனோமோ, அதை விரட்டிய கூட்டத்தில் நாங்களும் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தோம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிரேக்க நாட்டின் மேற்குப் பக்கம், அயோனியன் கடலில் இருக்கிறது இந்தத் தீவு. அதன் தெற்குப் பக்கம் லகனாஸ் விரிகுடா. மத்தியதரைக் கடலில் பெருந்தலை ஆமைகள் அதிகமாக முட்டையிட வரும் இடங்களில் இது முக்கியமானது. அதற்காகவே 1999இல் இங்கே தேசியக் கடல் பூங்கா அமைத்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலம். நாங்கள் போனது ஜூன் கடைசியில். நேரமெல்லாம் சரியாகத்தான் பார்த்துப் போனோம், ஆளைத்தான் தப்பாகப் பிடித்தோம்.

தெருவோரம் ஒரு கவுண்டர். நீலப் பலகையில் பெரிய ஆமைப் படம், கீழே ‘ஆமை தெரியாவிட்டால் பணம் வாபஸ்’ என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்தவர் என் ஏழு வயது மகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பேச்சை ஆரம்பித்தார். சின்னப் படகு, பன்னிரண்டே பேர், அடியில் கண்ணாடி பதித்தது, விளக்கம் சொல்லக் கடலுயிரியல் படித்தவர் கூடவே வருவார், மரத்தோனிசி தீவில் நீந்த அரை மணி நேரம். பெரியவருக்கு 30 யூரோ, குழந்தைக்கு 15. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து யூரோ குறைப்பாராம். கொடுத்தேன். பேனாவால் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ரசீது இல்லை. கிரேக்கத்தில் ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை என்பது சட்டம், ஹோட்டல் மெனு கார்டில்கூட அச்சடித்திருப்பார்கள். அதை அதற்கு முந்தின இரவு சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே படித்தவன் நான்தான்.

மறுநாள் படகில் ஏறியதும் மனைவி தலைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று. உயிரியல் படித்தவர் என்று வந்தது, மைக்கில் பேர் கூப்பிட்ட ஒரு இளைஞர். ஆமை பற்றி அவர் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும், அப்புறம் பையிலிருந்து பஞ்சு ஆமை பொம்மைகளை எடுத்து விற்க ஆரம்பித்துவிட்டார். அடியிலிருந்த கண்ணாடி, பல வருடம் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டு மாதிரிக் கீறல் விழுந்து மங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தால் பச்சை வெளிச்சம் மட்டும்தான்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டுநரின் ஃபோன் அடித்தது. படகு சட்டென்று திரும்பி ஓட ஆரம்பித்தது. விரிகுடாவில் பெரும்பகுதியில் மணிக்கு ஆறு கடல் மைலுக்கு மேல் வேகம் கூடாது என்பது பூங்கா விதி. போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே நான்கு படகுகள் வட்டம் கட்டி நின்றன, நாங்கள் ஐந்தாவது.

நடுவில் அந்த ஆமை. ஓடு செம்பழுப்பு நிறம், பின் ஓரத்தில் கை அகலத்துக்கு ஒரு பழைய வெட்டு, புரொப்பெல்லர் பட்டதாகத்தான் இருக்கும். தலையை நீட்டி ‘புஸ்’ என்று ஒரு மூச்சு எடுத்தது, அவ்வளவுதான், ஐந்து படகும் ஒரே நேரத்தில் அதன் பக்கம் திரும்பின. முங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் தலை தெரிந்தது. அங்கே இன்னொரு படகு. மறுபடியும் முங்கல். குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரு படகு பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நாங்கள் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. எல்லோரும் கைதட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். “அப்பா, அது மூச்சு விடத்தானே மேலே வருது?” என்று மகள் கேட்டாள். நான் ஃபோனைக் கீழே இறக்கினேன்.

மரத்தோனிசியில் அரை மணி நேரம் என்றது பதினைந்து நிமிடமாகச் சுருங்கியது. போதாக்குறைக்கு, மேலே காய்ந்த மணலில் போய் உட்காரச் சொன்னார்கள். ஆமைகள் குழி தோண்டி முட்டையிடுவது அங்கேதான். ஒரு தன்னார்வலப் பெண் ஓடிவந்து, அலையை ஒட்டியே இருக்கும்படி பொறுமையாகச் சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பியதும் கவுண்டருக்குப் போய்ப் பன்னிரண்டு பேர் எங்கே, படித்தவர் எங்கே என்று கேட்டேன். “ஆமை பார்த்தீர்கள் அல்லவா?” என்றார். அந்த உத்தரவாதத்தின் லட்சணம் அப்போதுதான் புரிந்தது. ஆமையைக் காட்டாமல் திரும்பினால் நாற்பத்து மூன்று பேருக்குப் பணம் திருப்ப வேண்டும், பிறகு எந்த ஓட்டுநர் பத்து நிமிடத்தில் விலகுவார்? ஆகவே அந்த வாசகத்தைப் பார்த்தாலே அடுத்த கவுண்டருக்கு நடையைக் கட்டுங்கள். ஆமை தெரியாமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்கிறவரிடம் போங்கள். எத்தனை பேர் என்பதை எழுதி வாங்குங்கள், கார்டில் கட்டுங்கள். நான் துறைமுகக் காவல் அலுவலகத்தில் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். படகின் பெயரும் எண்ணும் கேட்டார்கள், வீடியோவில் இருந்தது. ரசீது கேட்டார்கள், துண்டுச் சீட்டை நீட்டினேன்.

காசே இல்லாமல் பார்க்க வழி இருக்கிறது. அதற்கு அடுத்த நாள் தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள கெராகஸ் கடற்கரைக்குப் போனோம். இரவில் அங்கே யாரையும் விடமாட்டார்கள், காலை ஏழு மணிக்குத்தான் திறப்பு. முதல் ஆட்களாக இறங்கினோம். கடலிலிருந்து மேடு வரை டிராக்டர் போன மாதிரி ஒரு தடம், அதன் முடிவில் கிளறிய மணல், பிறகு கடலுக்கே திரும்பிப் போகும் இன்னொரு தடம். ஒரு கூட்டில் சுமார் நூறு முட்டை இருக்கும், ஐம்பது அறுபது நாளில் பொரியும் என்று அங்கிருந்த ஆர்கெலான் தன்னார்வலர் சொன்னார். 1983 முதல் கிரேக்கத்தில் கடலாமைகளுக்காக வேலை செய்கிற அமைப்பு அது. படகில் மைக் பிடித்தவர் சொல்லாததையெல்லாம் அவர் என் மகளிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னார், கையில் படங்களை வைத்துக்கொண்டு.

ஊர் திரும்பும் நாள் அந்தக் கவுண்டர் வழியாகத்தான் போனோம். பலகையை மகள் நின்று பார்த்தாள். படத்திலிருந்தது பெருந்தலை ஆமையே இல்லையாம், மூக்கு கிளி மாதிரி இருக்கிற அழுங்காமையாம். உற்றுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பின்னால் பவளப்பாறை வேறு.