தேவாங்காகிய நானும் கிரிட்டா மென்பொருளும்

ஒல்லியான உடம்பும் பெரிய கண்களும் கொண்ட பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் பட்டம் ‘தேவாங்கு’. எனக்கும் அது கிடைத்தது. தம்மை ஒரு விலங்காகக் கற்பனை செய்து வரைந்துகொள்ளும் ‘ஃபர்சோனா’ வழக்கத்தைப் பற்றி அறிந்தபோது, அங்கே ஓநாயும் நரியும் மிகுந்திருப்பதைக் கண்டும், அந்தப் பழைய பட்டத்தையே என் உருவமாக்கிக்கொள்ள முடிவு செய்தேன். முதலில் முயன்ற ஒரு செயலியில் காதுகளையும் மூக்கையும் தேர்ந்தெடுத்துப் பொருத்தலாமே தவிர, தேவாங்கு என்ற விலங்கே இல்லை. குரங்கை எடுத்துக்கொண்டாலும் வாலை நீக்க வழியில்லை. தேவாங்குக்கு வால் கிடையாது. ஆகவே, நானே வரைவதென்று, கணினியில் ஓவியம் வரைய உதவும் கிரிட்டாவுக்கு வந்து சேர்ந்தேன்.

கிரிட்டா, தன்னார்வலர்கள் கூடி மென்பொருள் உருவாக்கும் கேடிஇ சமூகத்தில் வளர்ந்த திறமூல மென்பொருள்; அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். அதன் சொந்த இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் செலுத்தும் விலை அதன் வளர்ச்சிக்கு உதவுகிறது. ஓவியர் டைசன் டான் உருவாக்கிய ‘கிக்கி’ என்ற கேலிச்சித்திர அணிலே இதன் சின்னம் என்பதால், என் வேலைக்குப் பொருத்தமான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

தேவாங்கின் புகைப்படங்களைத் திரையின் ஓரத்தில் பதித்துவைக்க உதவும் மேற்கோள் படக் கருவி மிகவும் பயன்பட்டது. கண்ணைச் சுற்றிய கருவளையம், மூக்கின் மேல் இறங்கும் வெளிர் பட்டை, குச்சி போன்ற கைகால்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தேன். ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானே உருவாகும் கண்ணாடிக் கருவியால் முகம் சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் அந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம் என்னும்படி இருந்தது. கருவியை அணைத்துவிட்டு, என் இடக்கண்ணைப் போலவே அதன் இடது இமையையும் சற்றுத் தாழ்த்தி, காதொன்றை மடக்கிய பிறகுதான் அது நானாயிற்று. வீட்டில் காட்டியபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நடுங்கும் கோடுகளைச் சீராக்கும் நிலைப்படுத்தியையும் என் கையின் தனித்தன்மை போய்விடக்கூடாது என்பதற்காகக் குறைத்தே வைத்திருக்கிறேன்.

நிறந்தீட்டுவதில் வண்ண முகமூடி என்னும் வசதி நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்துகிறது: கோட்டுப் படத்தின் மீது ஆங்காங்கே ஒரு நிறக்கீற்று இட்டால், எல்லைக் கோடுவரை அதுவே நிரப்பிக்கொள்கிறது. முன், பக்க, பின் தோற்றங்களையும் நிறங்களையும் ஒரே தாளில் காட்டும் மேற்கோள் தாளை, வேறு ஓவியர்களிடம் படம் கேட்கும்போது கொடுப்பதற்காக, இதிலேயே தயாரித்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. பட்டிகளும் (மெனுக்கள்) கருவிப் பலகைகளும் புதியவரை மிரட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போன்ற அடுக்குகளில் எதில் வரைகிறோம் என்பது பழகும்வரை பலமுறை மறந்துபோகும். ஆண்ட்ராய்டு பதிப்பு பெரிய திரைகளுக்கானது என்பதால், கைப்பேசி மட்டுமே வைத்திருப்போருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சுட்டியால் வரையலாம் என்றாலும், அழுத்தத்துக்கேற்பத் தடிக்கும் கோடு கிடைக்காது. தேவாங்கின் மெல்லிய விரல்களுக்கு அந்தக் கோடுதான் தேவைப்பட்டது, அதற்காக, பேனாவின் அழுத்தத்தை உணரும் ஒரு சிறிய வரைபலகை வாங்க நேர்ந்தது.